ஹெட்டைக் கழற்றும் முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூலன்ட் பாட்டிலின் மூடிக்குக் கீழே உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாக ஒரு வழிசல் தடம். "ஹெட் கேஸ்கெட் போச்சாம் மாமா, ஹெட்டைக் கழற்றணுமாம்" என்று எழுதியிருக்கிறாய். இருக்கலாம். ஆனால் பாட்டில் வழிந்ததை மட்டும் வைத்து அப்படித் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வராது. நீ இருக்கிற டெக்சாஸில் அந்த வேலைக்குக் கேபினையே தூக்கி வைத்துவிடுவார்கள். கூலி ஆயிரக்கணக்கான டாலர். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தண்ணீரை மூடி வழியாகத் தள்ளிய அழுத்தம் எங்கிருந்து வந்தது?

உன்னுடையது 2005 எஃப்-250 பிக்கப், 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக். நேவிஸ்டார் செய்து கொடுத்த வி8 எஞ்சின். முந்தைய சொந்தக்காரர் ட்யூனர் மாட்டி, டீசலையும் டர்போ அழுத்தத்தையும் கூட்டி வைத்திருக்கிறார். எரியும்போது உண்டாகிற அழுத்தம் கூடினால், சிலிண்டர்களை மூடியிருக்கிற ஹெட் மேலே எழப் பார்க்கும். இதற்கு முந்தைய 7.3 எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரைச் சுற்றியும் 6 போல்ட். இதில் 4 தான். டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஹெட் மயிரிழை எழும்பும், எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகும், காலை எடுத்ததும் ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்துகொள்ளும். அதனால் வண்டியை ஐடிலில் நிறுத்தி, நீலத் திரவம் நிறம் மாறுகிறதா என்று பார்க்கிற டெஸ்டில் "வாயு இல்லை" என்று வந்தால் அதை முழுதாக நம்பாதே.

நான் ஹூஸ்டன் ஒர்க்‌ஷாப்பில் இருந்தபோது அதிகம் நம்பியது என் கையைத்தான். சாயங்காலம் வண்டியைச் சுமையோடு நன்றாக ஓட்டு. ராத்திரி முழுக்க அப்படியே ஆறவிடு. காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கிப் பார். சூட்டினால் வந்த அழுத்தம் என்றால் ஆறினதும் போயிருக்கும், ஹோஸ் தளர்ந்து கிடக்கும். எரிந்த வாயு உள்ளே வந்திருந்தால் அது எங்கும் போகாது. ஹோஸ் விறைத்திருக்கும், மூடியைத் திருகினால் புஸ்ஸென்று சத்தம் வரும். சூடாக இருக்கும்போது இந்தப் பரிசோதனையைச் செய்துவிடாதே. அந்த மூடி 16 பிஎஸ்ஐ வரை அழுத்தத்தைப் பிடித்து வைக்கும்; அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் கொதிக்கும். திறந்த நொடியே முகத்தில் பாயும்.

ஹோஸ் தளர்ந்திருந்தால் ஹெட்டை விட்டுவிட்டு ஆயில் கூலருக்கு வா. இந்த எஞ்சினில் அது இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கும் நடுவே, பள்ளத்துக்குள் புதைந்திருக்கிறது. உள்ளே தண்ணீர் போகிற பாதைகள் மிகக் குறுகல். வார்ப்பில் தங்கிப்போன மணலும், பழைய கூலன்ட் திரிந்து உண்டான களிம்பும் அங்கே அடைக்கும். ஆயில் கூலரைத் தாண்டி வருகிற தண்ணீர்தான், எரிந்த வாயுவில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்புகிற இ.ஜி.ஆர். அமைப்பின் கூலருக்குப் போக வேண்டும். வரத்து குறைந்தால், அந்த வாயுவின் சூடு பட்டு அங்கே இருக்கிற கொஞ்சத் தண்ணீர் கொதிக்கும். பாட்டில் வழியும், வெள்ளைத் தடமும் விழும். பலர் இந்த இடத்தில்தான் ஹெட் கேஸ்கெட் என்று ஏமாந்தார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்பானரே வேண்டாம். ஓபிடி மீட்டரில் ஆயில் சூட்டையும் கூலன்ட் சூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள். டிரெய்லரைக் கழற்றிவிட்டு, சமதளமான ஹைவேயில் 65 மைல் வேகத்தில் அரைமணி நேரம் ஓட்டு. ஆயில் சூடு கூலன்ட்டைவிட 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் ஏறி நின்றால் ஆயில் கூலர் அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள். மாற்றும்போது இ.ஜி.ஆர். கூலரையும் சேர்த்துப் பார்க்கச் சொல். அது உள்ளே வெடித்திருந்தால் சைலன்சரில் வெள்ளை நீராவி வரும், இனிப்பான நெடி அடிக்கும். ராத்திரியில் பாட்டில் தண்ணீர் மளமளவென்று இறங்கியிருந்தால் மட்டும் காலையில் சாவியைத் திருகாதே. சிலிண்டரில் தண்ணீர் தேங்கியிருந்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

"இ.ஜி.ஆரையே பிடுங்கிவிட்டால் போச்சு" என்று உனக்குச் சிலர் சொல்லியிருப்பார்கள். அமெரிக்கச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. அதோடு, அடைத்த ஆயில் கூலர் அடைத்தபடியேதான் இருக்கும்.

வெளியிலும் ஒரு பார்வை பார். படத்தில் கிரில்லுக்கு முன்னால் ஒரு லைட் பார் நிற்கிறதே, அது காற்றை மறைக்கிறது. கன்டென்சர், இன்டர்கூலர், ரேடியேட்டர் மூன்றுக்கும் இடையில் புல்லும் பூச்சியும் சேர்ந்திருக்கும், கழுவு. சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடு ஏறினால் ஃபேன் கிளட்ச்சைச் சந்தேகப்படு. வாட்டர் பம்பின் அடியிலும் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார். இன்னொன்று: பாட்டிலில் மேல் கோட்டுக்கு மேலே ஊற்றினால் எந்த எஞ்சினும் மிச்சத்தைத் துப்பத்தான் செய்யும். ஒருவேளை உன் வண்டியில் நோயே இதுதானோ என்னவோ!

காரணம் தெரிகிறவரை ட்யூனரை ஸ்டாக் நிலைக்கு மாற்றிவிடு; ஹோஸ் சோதனைக்காகச் சுமையோடு ஓட்டுகிற அந்தச் சாயங்காலம் தவிர டிரெய்லரைத் தொடாதே. ஞாயிற்றுக்கிழமை காலை சாவியை எடுக்கும் முன் ஹோஸை அமுக்கிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போடு. இங்கே அப்போது சாயங்காலம், விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
மாமா