குளிர்காலத்தில் குறைந்த செலவில் வீட்டைக் கதகதப்பாக வைத்திருப்போம்

“தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்” என்பது நம் முன்னோர் வாக்கு. சமவெளியில் வாழ்வோருக்கு இது பழமொழி. உதகையில் வாழும் நமக்கோ இது அனுபவம்! நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்று புவியியலில் படிக்கிறோம். அப்படியானால் சமவெளியைவிட நம் ஊர் ஏறத்தாழ 14 டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் பள்ளிக்கு வரும் வழியில், புல்வெளியின் மேல் உப்பைத் தூவியது போல் உறைபனி படிந்திருப்பதை நாம் காண்கிறோம் அல்லவா?

சென்ற ஆண்டு தை மாதத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை முதலில் கூற விரும்புகிறோம். எங்களுடையது தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு. பாட்டிக்குக் குளிர் தாங்காது. அன்றிரவு குமுட்டி அடுப்பைத் தணலோடு அறைக்குள் கொண்டுவந்து வைத்தோம். கதவு, சன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டுப் படுத்தோம். நள்ளிரவில் தம்பி வாந்தி எடுத்து அழுதான். அவனைத் தூக்க எழுந்த அம்மாவுக்குத் தலை சுற்றியது. அப்பா தட்டுத் தடுமாறிச் சென்று கதவைத் திறந்தார். எல்லோரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே பனியில் உட்கார்ந்திருந்தோம். விடிந்ததும் மருத்துவரிடம் போனோம். “இந்தப் பிள்ளை அழுதிராவிட்டால் நீங்கள் ஒருவருமே விழித்திருக்கமாட்டீர்கள்” என்றார் அவர். பாட்டியோ, “புகையே இல்லையே, நல்ல தணல்தானே வைத்தேன்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காரணத்தை எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டர் விளக்கினார்கள். போதிய காற்று இல்லாமல் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் சேர்ந்துகொள்கிறது. அதனால் உடலுக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. தலைவலியும் மயக்கமும் வாந்தியும் அதன் அடையாளங்கள். புகை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணவே கூடாது.

பாட்டியின் தணலை எடுத்துவிட்டோம். ஆனால் குளிர் அப்படியேதானே இருக்கிறது? அதற்கு ஈடாக அவருக்கு என்ன கொடுப்பது? இக்கேள்விக்கு விடையாகத்தான் பின்வருவனவற்றைக் கற்றோம்.

வெப்பத்தை உண்டாக்குவதற்குச் செலவு அதிகம். இருக்கும் வெப்பத்தைக் காப்பதற்குச் செலவு குறைவு. வெப்பம் கடத்தல், சலனம், கதிர்வீச்சு ஆகிய மூன்று வழிகளில் வெளியேறுகிறது. அசையாமல் அடைபட்டிருக்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளி நம்மைக் காப்பதும் தன் இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்தி வைப்பதால்தான். வீட்டுக்கும் நாம் ஒரு கம்பளி போர்த்த வேண்டும்.

மேலே: சூடான காற்று மேலே எழும். தகரமோ வெப்பத்தை விரைவாகக் கடத்திவிடும். ஆகவே கூரைக்குக் கீழே சிறிது இடைவெளி விட்டு, மூங்கில் பாயைச் சட்டமடித்துப் பொருத்தினார் அப்பா.

கீழே: சிமெண்டுத் தரையில் முதலில் சாக்கு, அதன்மேல் பாய், அதன்மேல் படுக்கை என்று விரித்தோம்.

பக்கங்களில்: கதவின் அடியிலுள்ள சந்தில் குளிர்காற்று புகும். பழைய புடவையில் கந்தல்களைத் திணித்து நீண்ட உருளையாகத் தைத்து, இரவில் அங்கே வைத்தோம். சன்னலுக்குக் கனத்த திரை போட்டோம். ஆனால் மேலேயுள்ள காற்றுத் துவாரத்தை மட்டும் அடைக்கவில்லை. பலர் உறங்கும் அறையில் காற்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் மலையின் தோடர்களும் இதை நன்கு அறிந்தவர்கள். அரை வட்ட வளைவாக மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு கட்டிய அவர்களுடைய பழைய குடில்களுக்கு, குனிந்து தவழ்ந்து நுழையும்படியான சிறிய வாசல்தான் உண்டு. வாசல் சிறிதானால் குளிரும் சிறிது!

பகலில் கதிரவன் இலவசமாக வெப்பம் தருகிறான். குளிர்காலத்தில் அவன் தெற்கே சாய்ந்து செல்வதால், தெற்குச் சன்னலின் திரையைக் காலையில் விலக்கிவிட்டு, வெயில் இறங்குமுன் மூடிவிட வேண்டும். ஈரத் துணிகளை வீட்டுக்குள் உலர்த்துவது தவறு. நீர் ஆவியாவதற்கு அறையின் வெப்பத்தையே எடுத்துக்கொள்ளும், சுவரும் ஈரமாகும்.

இரவில் அறை முழுவதையும் சூடாக்குவதைவிடப் படுக்கையைச் சூடாக்குவதே சிக்கனம். ஆயிரம் வாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் தொடர்ந்து எரிந்தால் 8 யூனிட் மின்சாரம் செலவாகும். இரண்டு லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கத் தேவையான வெப்பம் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! அந்நீரை வெந்நீர்ப் பையில் ஊற்றி, மூடியை இறுக்கி, தோல் சுட்டுவிடாதபடி கனத்த துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைத்தால் படுக்கை நெடுநேரம் கதகதப்பாக இருக்கும்.

இவ்வாண்டுக் குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டு அறைக்குள் நெருப்பு வரவில்லை. பாட்டி ஒரே ஒரு நாள் மட்டும் தணல் கேட்டார். வெந்நீர்ப் பையை இன்னொரு முறை நிரப்பிக் கொடுத்தோம். “இது போதும், கண்ணு” என்று உறங்கிவிட்டார்.

அன்புத் தோழியரே! நம் அண்டை வீடுகளில் இன்றும் அறைக்குள் தணல் வைத்து உறங்குவோர் இருக்கலாம். “வைக்காதீர்கள்” என்று சொல்வதோடு நின்றுவிடாமல், பழைய புடவைகளை அடுக்கித் தைத்த ஒரு மெத்தை விரிப்பையும் கையில் கொண்டு செல்வோம். தணலை எடுக்கச் சொல்கிறவர்கள் ஒரு போர்வையாவது கொடுக்க வேண்டும் அல்லவா?

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி