குழந்தை முற்றம்

கோவை மாநகருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அமைந்த பேரூர் தொண்டாமுத்தூர். நொய்யலாறு வளஞ்செய்யும் இவ்வட்டாரத்தில் பாக்கும் தென்னையும் வாழையும் சின்ன வெங்காயமும் செழித்து விளைகின்றன. காலையில் தாய்மார் கூலி வேலைக்குத் தோட்டம் நோக்கிச் செல்வர். அவர்தம் மழலைகளைக் காப்பவர் யார்?

முன்னாளில் இவ்வினாவிற்குப் பெரும்பாலும் இரண்டே விடைகள் இருந்தன. ஒன்று, மரக்கிளையில் கட்டிய தூளி. மற்றொன்று, பள்ளியினின்றும் நிறுத்தப்பெற்ற மூத்த பெண். தம்பியை இடுப்பில் சுமந்த அச்சிறுமி தன் கல்வியை இழந்தாள். தம்பியோ பாட்டும் கதையும் கேளாமலே ஐந்தாண்டுகளைக் கழித்தான். இவ்வாறு வறுமை ஒரே வீட்டில் இருவர் கல்வியைக் கெடுத்தது.

இக்குறையைக் களைய அறிஞர் பலர் முயன்றனர். 1907ஆம் ஆண்டில் மரியா மாண்டிசோரி அம்மையார், உரோமை நகரின் ஏழைத் தொழிலாளர் பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். பின்னர்த் தாராபாய் மோடக் அம்மையார், இன்றைய மராட்டிய மாநிலத்துப் போர்டியில் ஏழைக் குழந்தைகளின் வீட்டு முற்றங்களையே பள்ளிகளாக்கினார். பள்ளிக்கு வர இயலாத குழந்தையைத் தேடிப் பள்ளியே சென்றது! 'அங்கன்வாடி' என்னும் பெயரும் முற்றத்தைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்ததே.

1975 அக்டோபர் 2ஆம் நாள், நடுவண் அரசு 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. தமிழகத்தில் 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளி செல்லும் பருவம் எய்தாத சிறாருக்கும் உணவளித்தது.

அங்கன்வாடியைச் சோறிடும் இடம் என்று மட்டும் கருதுவோர் உளர். அது பொருந்தாது. அங்கே எடை பார்த்தல், தடுப்பூசிக்குத் துணைநிற்றல், தாய்மார்க்கு அறிவுரை கூறல் ஆகியனவும் நிகழ்கின்றன. மூன்று முதல் ஆறு வயதுடைய சிறார் ஆடியும் பாடியும் எண்ணவும் பேசவும் பழகுகின்றனர். மூளை விரைந்து வளரும் பருவம் அதுவே. நாற்றங்காலில் நீரின்றி வாடிய பயிரை, வயலில் நட்டபின் தேற்றுதல் அரிதன்றோ?

மாணவர்களே! உங்கள் ஊர் அங்கன்வாடிக்கு ஒருநாள் செல்லுங்கள். பொறுப்பாளரிடம் இசைவு பெற்று, சிறாருக்கு ஒரு கதை சொல்லுங்கள். அதன் வாயிலில் நிழல்தரும் மரக்கன்று ஒன்று நடுங்கள். தம்பி அங்கே பாடி மகிழ்ந்தால், அக்காள் உங்களோடு அமர்ந்து படிப்பாள். ஒரு முற்றம் திறந்திருப்பின், இரு பிள்ளைகளுக்குக் கல்வி வாயில் திறக்கும்.