எஸ்.பி. ரோட்டுக்குப் போகும் முன்

பெங்களூரின் லிங்கராஜபுரத்தில் பி.யூ.சி. முடித்த பையன் கேமிங் கம்ப்யூட்டர் கேட்டால், வீட்டில் பேச்சு அறுபதாயிரத்தில் தொடங்கி நாற்பத்தைந்தாயிரத்தில் வந்து நிற்கும். அம்மா கட்டிவந்த சீட்டை எடுத்த பணமாக இருக்கும். இல்லையென்றால் அக்காவின் போனஸ். அதை வைத்துக்கொண்டு அப்பாவும் மகனும் டவுன் ஹால் பக்கம் இறங்கி எஸ்.பி. ரோட்டுக்குள் நுழைகிறார்கள். சாதர் பத்ரப்பா ரோடு என்கிற அந்தத் தெருவில் கிடைக்காத கம்ப்யூட்டர் பாகம் கிடையாது. பணத்தோடு சேர்த்து அவர்கள் சில நம்பிக்கைகளையும் கொண்டுபோகிறார்கள். நண்பன் சொன்னது, கடைக்காரர் சொன்னது, பெட்டியின் மேல் அச்சடித்திருப்பது. தாராளமாகப் பணம் உள்ளவர் தப்பாக வாங்கிவிட்டால் மாற்றி வாங்கிக்கொள்வார். சீட்டுப் பணத்தில் வாங்குகிற வீட்டுக்கு அந்த வசதி இல்லை.

நம்பிக்கை: ஐ3-ஐ விட ஐ5 மேல், ஐ5-ஐ விட ஐ7 மேல்.

ஒரே தலைமுறைக்குள் இது சரி. தலைமுறை மாறினால் கணக்கே மாறிவிடும். அந்தத் தெருவில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது:

“ஐ7 மிஷின் தம்பி. 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. எல்லா கேமும் ஓடும்.”

“எந்த ஜெனரேஷன்ணா?”

“ஐ7-னா ஐ7தான். ஆபீஸ்லல்லாம் இதுதான் ஓடுது.”

இப்படி மலிவாக வரும் மிஷினைத் திறந்தால் உள்ளே ஐ7-3770 போன்ற ஒன்று உட்கார்ந்திருக்கும். 2012-இல் வந்த சிப். 4 கோர், 8 த்ரெட். 2022-இல் வந்த ஐ3-12100எஃப்-க்கும் அதே 4 கோர், 8 த்ரெட்தான். ஆனால் ஒவ்வொரு கோரும் அதே நேரத்தில் முடிக்கும் வேலை வெகுவாகக் கூடியிருக்கிறது. 2017-இன் ஐ7-7700கே-யையே இந்த ஐ3 கேம்களில் முந்துகிறது. 3770 இதன் பக்கத்தில் வராது. தலைமுறையைக் கண்டுபிடிக்கக் கடைக்காரரைக் கேட்கவே வேண்டாம். 3770-இல் முதல் இலக்கம் 3, அதாவது மூன்றாம் தலைமுறை. 12100-இல் முதல் இரண்டு இலக்கங்கள் 12, பன்னிரண்டாம் தலைமுறை. கடைசியில் ‘எஃப்’ இருந்தால் சிப்புக்குள் கிராபிக்ஸ் கிடையாது, தனிக் கார்டு போட்டே ஆகவேண்டும். அது குறை ஒன்றும் இல்லை. கார்டு வாங்கப் போகிறவருக்கு அதனால் விலைதான் குறைகிறது.

வேலரன்ட் ஆடும் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடம் காத்திருக்கிறது. விண்டோஸ் 11-இல் அந்தக் கேம் திறக்க டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் கட்டாயம். மூன்றாம் தலைமுறை மிஷினில் டிபிஎம் 2.0 இல்லை. இன்டெல் சிப்புகளில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்டின் ஒப்புதல் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கடையில் எப்படியாவது விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து கேமைத் திறந்தால்தான் விஷயம் தெரியும். அதோடு, அந்த மிஷினின் மதர்போர்டு டிடிஆர்3 ராம் போடுகிற போர்டு. நாளைக்கு மாற்றலாம் என்றால் சிப், போர்டு, ராம் மூன்றையும் சேர்த்துத் தூக்கிப் போடவேண்டும். அதே பணத்தில் ஏஎம்4 சாக்கெட் போர்டு ஒன்றைப் பழையதாக வாங்கினாலும் வழி திறந்தே இருக்கும். 2016-இல் வந்த அந்தச் சாக்கெட்டில், பயாஸ் அப்டேட் செய்தால், 2022-இன் 6 கோர் ரைசன் 5 5600 வரைக்கும் பெரும்பாலான போர்டுகள் ஏற்றுக்கொள்ளும்.

நம்பிக்கை: 4 ஜிபி கார்டை விட 8 ஜிபி கார்டு வேகம், 2 ஜிபியை விட 4 ஜிபி வேகம்.

பட்ஜெட் மிஷின்களில் அதிகம் பணம் வீணாவது இந்த ஒரு நம்பிக்கையால்தான். கிராபிக்ஸ் கார்டின் ஜிபி என்பது அது எவ்வளவு வைத்துக்கொள்ளும் என்பதன் அளவு. எவ்வளவு வேகமாக வரையும் என்பது வேறு. ஜிடி 730 என்று ஒரு கார்டு 2014-இலிருந்து விற்கிறது, இன்றும் 4 ஜிபி என்று பெட்டியில் பெரிதாகப் போட்டு விற்கிறார்கள். அதில் 384 கோர். 64 பிட் டிடிஆர்3 மெமரி போட்டு வருவதில் நொடிக்கு 14.4 ஜிபிதான் போய்வரும். 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-உம் 4 ஜிபி கார்டுதான். அதில் 896 கோர், ஜிடிடிஆர்5 மெமரியில் நொடிக்கு 128 ஜிபி. பெட்டி மேல் இரண்டும் ‘4 ஜிபி’. உள்ளே போக்குவரத்து ஒன்பது மடங்கு வித்தியாசம். போதாததற்கு, ஜிடி 730-இன் கெப்ளர் குடும்பத்துக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2021-லேயே நிறுத்திவிட்டது.

கார்டுக்கு இப்போது பணம் இல்லை என்றால் ஜிடி 730 வாங்குவதைவிட வாங்காமல் இருப்பது நல்லது. ரைசன் 5 5600ஜி போல உள்ளேயே கிராபிக்ஸ் வைத்த சிப் ஒன்று, இரண்டு ராம் குச்சிகள். ஜிடி 730-ஐ விட அது நன்றாகவே ஓடும். ஆறு மாதம் கழித்து நல்ல கார்டாகப் பார்த்துப் போடலாம்.

ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் உலவுவதையும் கவனிக்கவேண்டும். ஆர்டிஎக்ஸ் 3050 என்றால் 2022-இன் 8 ஜிபி கார்டில் 2560 கோர். 2024-இல் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர், மெமரி பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகக் குறைந்திருக்கிறது. பில்லில் வெறுமனே ‘ஆர்டிஎக்ஸ் 3050’ என்று எழுத விடாதீர்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வேறு வகைச் சிக்கல்: போர்டோடு பேச அதற்கு நான்கே பாதைகள். பிசிஐஇ 3.0 மட்டும் உள்ள பழைய போர்டில் போட்டால் அந்த நான்கின் வேகமும் பாதியாகி, கேம் தடுமாறும். அந்த விலைக்குக் கொஞ்சம் மேலே போய் ஆர்எக்ஸ் 6600-ஐ, செகண்ட்ஸ் ஆனாலும், பிடிப்பது மேல் என்பது என் தீர்மானமான கருத்து.

நம்பிக்கை: எஸ்எம்பிஎஸ்-ல் எத்தனை வாட் போட்டிருக்கிறதோ அத்தனை வாட் தரும்.

கேபினெட்டோடு ‘ஃப்ரீயாக’ வரும் எஸ்எம்பிஎஸ்-ஐ, அதாவது பவர் சப்ளையை, கையில் எடுத்துப் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 வாட். கீழே சின்னக் கட்டத்தில் 12 வோல்ட் என்ற பத்தியில் 16 ஆம்பியர் என்றிருக்கும். 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். இன்றைய சிப்பும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுக்க அந்த 12 வோல்ட்டிலிருந்துதான் இழுக்கின்றன. ஆர்எக்ஸ் 6600 மட்டுமே 132 வாட். ரைசன் 5 5600 முழுமூச்சில் ஓடினால் எழுபத்தைந்தைத் தொடும். அங்கேயே 192 தாண்டிவிட்டது. நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்-ல் அதே கட்டத்தில் 36 ஆம்பியர் போல இருக்கும், அதாவது 432 வாட். ஸ்டிக்கரில் அந்தக் கட்டமே இல்லை என்றால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மட்டமான சப்ளை போகும்போது தான் மட்டும் போகாது, போர்டையும் கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம்.

இதற்கு நேரெதிர்த் தப்பும் நடக்கிறது. பயந்துபோய் 750 வாட் கோல்டு வாங்குகிறார்கள். மேலே சொன்ன மிஷின் மொத்தமாக 250 வாட் சுற்றித்தான் இழுக்கும். 6600-க்கு ஏஎம்டியே கேட்பது 450 வாட் சப்ளை. கோல்டு, ப்ரோன்ஸ் என்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான 80 பிளஸ் முத்திரை. 300 வாட் வேலைக்கு 85 சதவீத சப்ளை சுவரிலிருந்து 353 வாட் எடுக்கும், 90 சதவீத சப்ளை 333 வாட். தினம் நான்கு மணி நேரம் ஆடினால் மாதத்துக்கு 2.4 யூனிட் வித்தியாசம். யூனிட் ஆறு ரூபாய் என்று வைத்தாலும் பதினைந்து ரூபாய் கூட ஆகாது. அந்த ஆயிரங்களைக் கார்டில் போடுங்கள்.

யூபிஎஸ்-லும் இதே மயக்கம். 600 விஏ என்றால் 600 வாட் இல்லை. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் 360 வாட்தான் தாங்கும். மேலே சொன்ன மிஷினும் மானிட்டரும் அதற்குள் அடங்கும். ஆனால் கரண்ட் போனால் மேட்சை முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சேமித்துவிட்டு அணைக்கத்தான் நேரம் தரும்.

நம்பிக்கை: இரும்பு கேபினெட் என்றால் லேசாக ஷாக் அடிக்கத்தான் செய்யும்.

அடிக்கக் கூடாது. நம் பகுதியில் மாடிமேல் மாடியாக எழுப்பிய வாடகை, லீஸ் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது, யாரும் பெரிதாக எடுப்பதில்லை. பின்பக்கத் திருகாணியைத் தொட்டால் விரலில் ஒரு சுரசுரப்பு. எஸ்எம்பிஎஸ்-க்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர்கள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட் உடம்புக்கு இணைந்திருக்கும். கசிகிற துளி மின்சாரம் எர்த் வழியாக இறங்கிப் போகவேண்டும். எர்த் இல்லாத வீட்டில் அது போக இடமில்லாமல் கேபினெட்டிலேயே நிற்கும். மெயின் வோல்ட்டேஜில் பாதி அளவு, 115 வோல்ட் சுமார், அங்கே தங்கியிருக்கும். மின்சாரத்தின் அளவு மிகக் குறைவு என்பதால்தான் சுரசுரப்போடு நிற்கிறது. ஆனால் அதே எர்த் இல்லாத வீட்டில் எஸ்எம்பிஎஸ்-க்குள் ஒரு கம்பி பிய்ந்து உடம்பில் பட்டால் முழு 230 வோல்ட்டும் கேபினெட்டுக்கு வரும். மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்து இரண்டு பின் ஜங்ஷன் பாக்ஸில் சொருகுவதை இன்றோடு நிறுத்துங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டு ஓனரிடம் தயங்காமல் கேளுங்கள். இது வாடகைக்கு இருப்பவரின் உரிமை.

சின்னச் சின்ன நம்பிக்கைகள் இன்னும் உண்டு. லிக்விட் கூலர் இல்லாமல் கேமிங் மிஷின் கிடையாது என்பது ஒன்று. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது, சூடு கொஞ்சம் குறைவு. 65 வாட் சிப்புக்குப் பெட்டியிலேயே வரும் ஃபேன் போதும். முன்பக்கம் முழுக் கண்ணாடி, உள்ளே கலர் லைட் என்ற கேபினெட் காற்றை உள்ளே விடாது. வலை போட்ட முகப்பு உள்ளதாகப் பாருங்கள். ‘கேமிங் போர்டு’ ஒரு ஃப்ரேம் கூடக் கூட்டாது. எஸ்எஸ்டி கேமைச் சீக்கிரம் திறக்கும், ஓட்டத்தை வேகமாக்காது. ஆனாலும் ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் புதிய கேம் ஓட்டாதீர்கள், நடுநடுவே நின்று நின்று போகும்.

கிரிப்டோ மைனிங்கில் ஓடிய கார்டு என்றாலே குப்பை என்றும் சொல்கிறார்கள். 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் மைனிங் முடிவுக்கு வந்ததும் அந்தக் கார்டுகள் கூட்டம் கூட்டமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் தேய்வது பெரும்பாலும் ஃபேனும் தெர்மல் பேடும்; இரண்டும் மாற்றக் கூடியவை. கடையிலேயே கார்டை மாட்டி இருபது நிமிடம் கனமான கேம் ஓட்டிப் பாருங்கள். ஜிபியு-இஸட் மென்பொருளைத் திறந்து கோர் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆர்எக்ஸ் 580 என்று சொன்னால் 2304 இருக்கவேண்டும். 2048 என்று காட்டினால் அது வேறு கார்டு, விலையும் வேறு.

பில் வேண்டாம் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று சொல்வார்கள். புதுப் பாகத்தில் அதை ஒப்புக்கொள்ளவே கூடாது. மூன்று வருஷ வாரண்டிக்கு சர்வீஸ் சென்டரில் கேட்பது பில்லும் அதில் எழுதிய சீரியல் நம்பரும்தான். சிப்பும் சீல் வைத்த பெட்டியோடு வேண்டும். ‘ட்ரே’ பீஸ் என்று தனியாகக் கொடுப்பதற்குக் கம்பெனி வாரண்டி இல்லை, கூலரும் இல்லை.

காத்திருந்தால் விலை இறங்கும் என்பதும் எப்போதும் நடக்கிற காரியம் கிடையாது. 2025 இறுதியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டதால் ராம் விலை உலகமெங்கும் ஏறியது. மைக்ரான் நிறுவனம் தன் குருசியல் பிராண்டைச் சில்லறை வியாபாரத்திலிருந்தே விலக்கிக்கொள்வதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. அதனால் டிடிஆர்4 ராம் நல்ல விலைக்குச் செகண்ட்ஸில் கிடைத்தால் எடுத்துவிடுங்கள். ராம் எளிதில் கெடாத பாகம். ஒரே 16 ஜிபி குச்சியை விட இரண்டு 8 ஜிபி மேல்: 3200 வேகத்தில் ஒற்றைக் குச்சிக்கு நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டுக்கும் சேர்த்து 51.2.

வீட்டுக்கு வந்து மிஷினை ஆன் செய்த பிறகும் மூன்று வேலை பாக்கி இருக்கிறது. மானிட்டர் கேபிள் போர்டில் இல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை விண்டோஸ் பல சமயம் 60-லேயே ஓட்டிக்கொண்டிருக்கும். டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் மாற்றவேண்டும். ராமை அதன் முழு வேகத்துக்குக் கொண்டுவரும் எக்ஸ்எம்பி-யைப் பயாஸில் ஆன் செய்யாவிட்டால் 3200 ராம் பெரும்பாலும் 2133-லோ 2400-லோ 2666-லோ தான் ஓடும். கடையில் அசெம்பிள் செய்து வாங்கினால், காசு கொடுக்கும் முன் இந்த மூன்றையும் அங்கேயே திரையில் காட்டச் சொல்லுங்கள்.