கையெழுத்துப் போடுமுன் வீட்டை எண்ணிப் பாருங்கள்



கொஞ்ச நாளுக்கு முன்பு பெரட்டுக்களத்தில் ஒரு தாய் என்னைக் கூப்பிட்டு ஒரு படிவத்தைக் காட்டினார். "ஐயா, நாங்க அஞ்சு பேரு சேர்ந்து குழு லோன் எடுக்கப் போறோம். இத கொஞ்சம் நிரப்பிக் குடுங்க" என்றார். வட்டி எவ்வளவு என்று கேட்டேன். "அது தெரியாதுங்க. வாரம் 1,250 ரூபா கட்டினா போதும்னு சொன்னாங்க" என்றார். இரண்டு நாள் பொறுங்கள், உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிட்டு நிரப்பலாம் என்று சொல்லி அனுப்பினேன். அன்று அவருக்குச் சொன்னதையே இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன்.

அவரைப் பார்த்ததும் எனக்கு வன்னியில் இருக்கும் என் பெரியம்மா மகள் ஞாபகம்தான் வந்தது. 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகும் 1983க்குப் பிறகும் நம் மலைநாட்டிலிருந்து நிறையக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற இடங்களில் இன்றும் நம் ஆட்கள்தான் அதிகம். பெரியம்மா குடும்பமும் அப்படிப் போனதுதான். கொழுந்து எடுத்த கை அங்கே நிலக்கடலை பிடுங்கியது.

2009இல் யுத்தம் முடிந்தபோது அக்காவுக்குக் கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள். முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டின் சுவர்கூட இல்லை. ஏ-9 வீதி திறந்ததும் கடன் கொடுக்கும் கொம்பனிகளும் வரத் தொடங்கின. பிணை வேண்டாம், காணி உறுதி வேண்டாம், ஐந்து பெண்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். அக்கா முதல் கடனில் ஒரு தையல் மெஷின் வாங்கினார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் மழை பிழைத்த ஒரு வருசம் தவணை தவறியது. அதைக் கட்ட இரண்டாவது கொம்பனியில் எடுத்தார். இரண்டாவதைக் கட்ட மூன்றாவது. திங்கள் ஒருவர் வருவார், புதன் ஒருவர், வெள்ளி ஒருவர். காசு இல்லாத நாளில் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் இருட்டும்வரை முற்றத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இவர் கட்டாவிட்டால் அவர்கள் கட்ட வேண்டும், அவ்வளவுதான். மகளின் தோடு அடகுக்குப் போனது. "தம்பி, யுத்தத்துக்குள்ள கூட நான் ஒளிஞ்சு இருந்த மாதிரி இல்ல, இந்தக் கடனுக்குத்தான் என் வீட்டுக்குள்ளயே ஒளிஞ்சிருந்தேன்" என்று என்னிடம் சொன்னார்.

இது ஒரு அக்காவின் கதை மட்டும் அல்ல. வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் இப்படி மாட்டிக்கொண்டார்கள். 2018இல் அரசாங்கம், வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்துக் கட்ட முடியாமல் நின்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தானே பொறுப்பெடுக்கும் திட்டத்தை அறிவித்தது. வன்னி மாவட்டங்களும் அதில் இருந்தன. நுண்கடன் வட்டிக்கு வருடத்துக்கு நூற்றுக்கு 35 என்ற உச்ச வரம்பும் அந்தக் காலத்தில்தான் வந்தது. அரசாங்கமே இறங்கி வர வேண்டிய அளவுக்குக் காரியம் முற்றிப் போயிருந்தது.

வேதம் சொல்லும் ஒரு விதவையின் கதை

நம் லயங்களில் கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு, சேர்ச்சுக்குப் போகிறவர்களும் உண்டு. கடன்காரர் சாமி பார்த்துக் கதவைத் தட்டுவதில்லை. ஆகையால் எல்லோரும் இதைக் கேட்கலாம்.

வேதாகமத்தில் இரண்டாம் இராஜாக்கள் புத்தகம் 4ஆம் அதிகாரத்தில் ஒரு விதவை வருகிறாள். கணவன் தெய்வ பயம் உள்ளவன். கடனை வைத்துவிட்டுச் செத்துப்போனான். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். அவள் எலிசா தீர்க்கதரிசியிடம் போய் அழுகிறாள். எலிசா, வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய்தான் இருக்கிறது என்கிறாள். அக்கம் பக்கத்தில் வெறும் பாத்திரங்களை நிறைய இரவல் வாங்கச் சொல்கிறார். எல்லாப் பாத்திரமும் நிறையும்வரை எண்ணெய் நிற்கவில்லை. அதை விற்றுக் கடனை அடைத்து, மிச்சத்தில் பிள்ளைகளோடு பிழைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறார்.

இந்தக் கதையை அற்புதம் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறோம். அதில் நமக்கு நாலு பாடம் இருக்கிறது.

1. கடன்பட்டவன் தெய்வ பயம் உள்ளவனாகவே இருந்தான். ஆகவே கடன்பட்டவர் எல்லாம் பாவி என்று யாரையும் ஒதுக்கக் கூடாது.

2. அவள் மறைக்கவில்லை. வாய் திறந்து சொன்னாள். சொன்ன பிறகுதான் வழி பிறந்தது.

3. முதல் கேள்வி, யாரிடம் கடன் வாங்கலாம் என்பது அல்ல. வீட்டில் என்ன இருக்கிறது என்பதே.

4. அவள் இரவல் வாங்கியது பாத்திரத்தை, பணத்தை அல்ல. வருமானம் வந்ததும் முதலில் கடன், பிறகுதான் வீட்டுச் செலவு.

இன்னொரு இடத்தையும் பாருங்கள். நீதிமொழிகள் புத்தகம் அயலானுக்குப் பிணை நிற்பதைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. தெரியாமல் வாய் கொடுத்து மாட்டியிருந்தால், தூங்கக்கூடப் போகாமல் உடனே போய்த் தாழ்மையாகப் பேசி விடுவித்துக்கொள் என்பது அதன் கருத்து. குழுக் கடனில் நீங்கள் போடும் ஒரு கையெழுத்து உங்கள் கடனுக்கு மட்டும் அல்ல, மற்ற நாலு பேரின் கடனுக்கும் பிணை.

நம் பாட்டன்மார் கண்ட "துண்டு"

இது நமக்குப் புதிது அல்ல. பழைய காலத்தில் தோட்டத்தில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. இத்தனை ரூபா கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுத்தான் துண்டு. கங்காணி அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு வேறு தோட்டம் தேடுவார். அங்கே பணம் கட்டினால் ஆட்கள் அந்தத் தோட்டத்துக்கு. ஆள் மாறும், தோட்டம் மாறும், கடன் மட்டும் கூடவே போகும். 1921இல் சட்டம் போட்டு இந்த முறையை ஒழித்தார்கள். சட்டத்தால் ஒழிந்த துண்டை நாமே கையெழுத்துப் போட்டு வீட்டுக்குள் கொண்டுவரலாமா?

கணக்கைப் பார்ப்போம்

அந்தத் தாய் காட்டிய படிவம் மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடன் 50,000 ரூபா. கிழமைக்கு 1,250 ரூபா வீதம் 52 கிழமை. மொத்தம் கட்டுவது 65,000. வட்டி 15,000. நூற்றுக்கு முப்பதுதானே என்று தோன்றும். அது சரியான கணக்கு அல்ல. ஏனென்றால் நீங்கள் ஒவ்வொரு கிழமையும் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள். அரை வருசத்தில் ஏறக்குறையப் பாதி முதல் திரும்பிவிட்டது. ஆனால் வட்டி மட்டும் முழு 50,000க்கும் கடைசிவரை ஓடுகிறது. குறைந்துவரும் மீதிக்கு வட்டி போட்டுப் பார்த்தால், உண்மையான வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டும். படிவக் கூலி, காப்புறுதி என்று முதலிலேயே 2,000 ரூபா கழித்துக்கொண்டு 48,000தான் கையில் தந்தால் இன்னும் கூடும்.

இன்னொன்று. சம்பளம் மாதத்துக்கு ஒரு தடவை. தவணை கிழமைக்கு ஒரு தடவை. ஐந்து கிழமை வரும் மாதத்தில் 6,250 ரூபா கட்ட வேண்டும். மழையோ காய்ச்சலோ வந்து பத்துப் பேர் (நாள்) குறைந்தால் என்ன செய்வீர்கள்? லூக்கா சுவிசேஷம் 14ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று இயேசு சொல்கிறார். அஸ்திவாரத்தோடு நின்றுபோனால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் அல்லவா.

வீட்டில் என்ன இருக்கிறது?

படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒரு கொப்பியில் எழுதட்டும்.

முதலில் சம்பளச் சிட்டை. கைக்கு வருவது எவ்வளவு, கழிபடுவது எவ்வளவு? தீபாவளி, கிறிஸ்மஸ் முற்பணமும் கடன்தான். திருநாள் ஒரு நாளில் முடியும், கழிவு பல மாதம் ஓடும்.

இரண்டாவது, உங்கள் பேரில் இருக்கும் பணம். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8, தோட்டத்தின் பங்காக 12. ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் தனியாக 3 கட்ட வேண்டும். ஐந்து வருடம் வேலை செய்து விலகும் நாட்கூலித் தொழிலாளிக்கு, வருடத்துக்கு 14 நாள் சம்பளம் வீதம் சேவைக்காலப் பணம் உண்டு. இதெல்லாம் இன்று எடுத்துச் செலவழிக்க அல்ல, முதுமைக்கு. ஆனாலும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் செக்ரோல் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பெயர் மாறிக் கிடந்தால் கடைசியில் நீங்கள்தான் அலைய வேண்டும்.

மூன்றாவது, வீட்டில் சும்மா கிடக்கும் பொருள், தெரிந்த கைத்தொழில், லயத்தைச் சுற்றியுள்ள தோட்டத் துண்டு, ஒரு பசு, நாலு கோழி. அந்த விதவையின் எண்ணெய்க் குடம் இதுதான்.

நான்காவது, கசிவு. கடைக் கொப்பி, சீட்டு, சாராயம், போன் ரீலோட். ஒரு மாதம் மட்டும் எழுதிப் பாருங்கள். யாரும் யாரையும் ஏச வேண்டாம். எழுத்தைப் பார்த்தாலே புரியும்.

மேலே சொன்ன கடனுக்கு வட்டி மட்டும் கிழமைக்கு 288 ரூபா வருகிறது. அதில் 250 ரூபாவைச் சேமித்தாலே ஒரு வருசத்தில் 13,000 ரூபா உங்கள் கையில் நிற்கும்.

சேர்ந்து சேமிப்பது

ஒருவராகச் சேமிப்பது கஷ்டம். ஜெர்மனியில் ரைஃபைசன் என்று ஒரு கிராமத்து மேயர் இருந்தார். 1846, 47 பஞ்சத்தில் ஏழை விவசாயிகள் வட்டிக்காரரிடம் மாட்டித் தவிப்பதைக் கண்டு, கிறிஸ்தவ அன்பு வாயளவில் இருந்தால் போதாது என்று முதலில் பாண் கொடுக்கும் சங்கம் தொடங்கினார். 1864இல் மக்களே சேமித்துத் தங்களுக்குள் கடன் கொடுக்கும் சங்கத்தை நிறுவினார். அந்த வழி நம் நாட்டுக்கும் வந்தது. கண்டிப் பக்கம் தெல்தெனியவில் 1906இல் முதல் சிக்கனக் கடனுதவுச் சங்கம் தொடங்கியது. இன்று வடக்கிலும் மலைநாட்டிலும் இப்படிச் சங்கங்கள் இருக்கின்றன. இங்கே கடன் கொடுப்பவரும் நீங்கள், வாங்குபவரும் நீங்கள். வட்டி சங்கத்துக்குள்ளேயே நிற்கும். ஆனால் கணக்குப் புத்தகத்தை எல்லோருக்கும் காட்டாத சங்கத்தில் சேராதீர்கள்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால்

ஒளிய வேண்டாம். வீட்டாருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கும் சொல்லுங்கள். எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். கொம்பனியிடம் போய்த் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரக் கேளுங்கள். பேசியதை எழுத்தில் வாங்குங்கள். கட்டிய காசுக்கு ரசீது இல்லாமல் விடாதீர்கள். இரவில் வந்து மிரட்டினாலோ, பெண்களிடம் தகாத பேச்சுப் பேசினாலோ அது வசூல் அல்ல, குற்றம். பொலிசுக்குப் போகலாம், நானும் கூட வருவேன்.

அக்காவும் அப்படித்தான் வெளியே வந்தார். ஒரு நாள் சேர்ச்சில் பெண்கள் கூட்டத்தில் அழுது சொல்லிவிட்டார். அந்தக் கூட்டத்திலேயே இன்னும் மூன்று பேர் அதே நிலையில் இருந்தது அன்றுதான் தெரிந்தது. பெண்கள் பாடசாலைச் சட்டை, ரவிக்கைத் துணி என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். மூலையில் கிடந்த தையல் மெஷின் திரும்ப ஓடியது. சின்னக் கடனை முதலில் முடித்தார், பிறகு அடுத்தது. இரண்டு வருசத்துக்கு மேல் எடுத்தது. தோடு திரும்பி வரவில்லை, ஏலத்தில் போய்விட்டது. ஆனால் இப்போது கதவைத் திறந்து வைத்துத்தான் தைக்கிறார்.

பெரட்டுக்களத்தில் வந்த தாய் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். கணக்கைப் பார்த்துவிட்டு, மகனின் படிப்புக்குத் தேவையானது 15,000தான், 50,000 அல்ல என்று கண்டுபிடித்தார். மிச்சத்தை எதற்கு எடுக்கப் போனோம் என்று அவருக்கே சிரிப்பு வந்தது. படிவத்தை இன்னும் நிரப்பவில்லை.

வீட்டுப் பாடம்: வரும் சம்பள நாளன்று இந்த மூன்று கேள்விக்கும் கொப்பியில் விடை எழுதுங்கள்.

1. இந்த மாதம் கைக்கு வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு?
2. யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்? யாருக்காகப் பிணை நிற்கிறோம்?
3. நம் வீட்டு எண்ணெய்க் குடம் எது?

எழுதியதை எடுத்துக்கொண்டு நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.