எண்ணெய்க் கிணற்றில் களிமண் செய்யும் கேடு

பூமிக்குள் எண்ணெய் குளம் போலத் தேங்கி நிற்பதாக அங்கத்தினர் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. மணற்பாறையின் நுண்ணிய துவாரங்களில்தான் எண்ணெயும் வாயுவும், அவற்றோடு பூர்வகாலத்து உப்புநீரும் தங்கியிருக்கின்றன. துவாரங்களின் ஓரத்தில் சிறிது களிமண்ணும் ஒட்டியிருக்கும். உப்புநீரில் ஊறிக் கிடக்கும்வரை அது அடங்கியிருக்கும். நல்ல தண்ணீர் பட்டால்தான் தொல்லை.

கரிசற்காட்டாருக்கு இதை அதிகம் விளக்க வேண்டுவதில்லை. கோடையில் கால் நுழையும்படி வெடிக்கும் நிலம், மழை பெய்ததும் பருத்து வெடிப்பை மூடிக்கொள்கிறதல்லவா? அங்குள்ள மாண்ட்மோரில்லோனைட் இனத்துக் களியே எண்ணெய்ப் பாறைகள் பலவற்றிலும் இருக்கிறது. சீட்டுக்கட்டைப் போல மெல்லிய ஏடுகள் அடுக்கிய உருவம் அதற்கு. சோடியம், கால்சியம் முதலியவை இடையில் நின்று ஏடுகளைப் பிணைக்கின்றன. கால்சியத்தின் பிடி இறுக்கமானது. சோடியத்தின் பிடி தளர்ந்தது. ஆதலால் சோடியக் களியில் உப்புக் குறைந்த நீர் புகுந்தால் ஏடுகள் விலகிக் களி உப்பித் துவாரத்தை அடைத்துவிடும்.

கயோலினைட் என்னும் களி உப்புவதில்லை. அதனால் அதை நம்பிவிடலாகாது! நல்ல நீர் பட்டதும் மணலை விட்டுப் பிரிந்து, ஓட்டத்தோடு சென்று, மடைவாயிற் சருகு போலக் குறுகிய இடங்களில் அடைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்துப் பெரியா மணற்பாறையில் இது சோதித்தறியப்பட்டது. உப்புநீர் தாராளமாய்ச் சென்ற கல்லில் நல்ல நீரை விட்டதும் ஓட்டம் சொற்பமாயிற்று. மறுபடி உப்புநீரை விட்டும் பழைய நிலை வரவில்லை. எதிர்த்திசையில் விட்டபோது சற்றே திறந்து, மீண்டும் அடைத்துக்கொண்டது.

1945-ஆம் ஆண்டிலேயே ஜான்ஸ்டன், பீஸன் என்னும் இருவர், எண்ணெய் மணல்கள் பலவற்றில் உப்புநீர் செல்லுமளவு நல்ல நீர் செல்வதில்லை என்று அளந்து வெளியிட்டனர். கிணற்றைச் சுற்றி இரண்டொரு முழம் அடைபட்டாலும் நஷ்டம் பெரிது. தூரத்து எண்ணெய் யாவும் அவ்வழியாகவே வந்து சேரவேண்டும். இதற்காகவே கிணற்றில் விடும் நீரில் 100-க்கு 2 பங்கு பொட்டாசியம் குளோரைடு உப்பைக் கரைத்துவிடும் வழக்கம் ஏற்பட்டது. பொட்டாசியம் ஏடுகளின் குழிகளில் பொருந்தியமர்ந்து அவற்றை விலகவொட்டாமல் பிடித்துக்கொள்ளும்.

களர் நிலத்திற்கு ஜிப்சம் இடுவதும் ஏறக்குறைய இதே வேலைதான். ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தைப் பெயர்த்து அதனிடத்தில் அமர, கலைந்த களி திரண்டு நீர் கீழிறங்கும். பெயர்ந்த சோடியம் வெளியேற வடிகால் வெட்டாதவருக்கு, ஜிப்சம் வாங்கக் கடன்பட்ட பணமும் திரும்பாது.