பித்தளையை எங்கே வைப்பது?

கல் மேல் ஏறும் சின்ன ஆர்சி காரான க்ராலரைப் புதிதாக வாங்கும் தம்பிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "அண்ணா, எந்த மோட்டார் மாத்தலாம்?" அதில் கை வைக்காதே, முதலில் டயரைக் கழற்று என்பேன். இந்த அளவு ஆர்சி கார் ஒரு கல்லில் ஏறுகிறதா, பாதியில் மல்லாக்கக் கவிழ்கிறதா என்பதை மோட்டார் முடிவு செய்வதில்லை. டயர் எவ்வளவு பிடிக்கிறது, வண்டியின் எடை எங்கே இருக்கிறது என்ற இரண்டும்தான் முடிவு செய்கின்றன.

நான் சொல்வதெல்லாம் ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்24 வண்டியை வைத்து. நிஜ வண்டியில் 24-ல் ஒரு பங்கு அளவு. 2020 வாக்கில் கடைக்கு வந்தது. நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் விசை போகும். முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டுமே லாக் ஆனவை என்பதால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றாலும் மறுபக்கச் சக்கரம் இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே 88 டேர்ன் பிரஷ்டு மோட்டார், 7.4 வோல்ட் 350 எம்ஏஎச் லிப்போ பேட்டரி. 2022-ல் வந்த டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4எம் கொஞ்சம் பெரியது, 1/18. டயர், எடை, கடைசியில் மோட்டார் என்று நான் சொல்லப்போகும் வரிசை அதற்கும் பொருந்தும்.

டயரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திப் பாருங்கள். வண்டியோ சில நூறு கிராம்தான். அந்த எடைக்கு மசியாத டயர் கல்லின் முனையில் ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுக்கொண்டு வழுக்கும். மென்மையான ரப்பர் டயர் முனையைச் சுற்றி மடங்கிக்கொள்ளும். ரப்பர் மட்டும் மென்மையாக இருந்தால் போதாது. உள்ளே இருக்கும் ஃபோம் டயரை இறுக்கமாக நிரப்பியிருந்தால் எவ்வளவு விலை கொடுத்த டயரும் மடங்காது. நான் ஃபோமின் வெளிவட்டத்தைக் கத்தரிக்கோலால் சிறிது சிறிதாக நறுக்கிக் குறைத்து, மாட்டிப் பார்த்து, மறுபடி நறுக்குவேன். பின்பக்கத்தைவிட முன்பக்கம் இன்னும் கொஞ்சம் மென்மையாக இருக்கட்டும். டயருக்குள் அடைபட்ட காற்று வெளியேற ஒரு சின்னத் துளையும் வேண்டும். புது டயரைப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு மாட்டுங்கள். அச்சிலிருந்து எடுப்பதற்காகத் தடவிய வழவழப்பு அதன் மேலேயே இருக்கும். மென்மையான ரப்பர் தூசியையும் வேகமாக வாரிக்கொள்ளும். ஓட்டுவதற்கு நடுவே ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தாலே பிடி திரும்பிவிடுகிறது.

அடுத்தது எடை. இதில்தான் எனக்கு ஆசை அதிகம்.

பித்தளையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 8.5 கிராம், அலுமினியம் 2.7. அதாவது அதே அளவுத் துண்டில் மூன்று மடங்கு எடை. அதனால்தான் சின்ன க்ராலர் ஓட்டுபவர்கள் பித்தளையைத் தேடி ஓடுகிறார்கள். ஆனால் கடையில் கிடைக்கும் பித்தளைச் சாமான் எல்லாவற்றையும் வாங்கி மாட்டினால் வண்டி பளபளப்பாக இருக்குமே தவிர நன்றாக ஏறாது. ஆக்சில் உயரத்திலோ அதற்குக் கீழோ வருகிற சாமான்தான் உதவும்: சக்கரத்துக்குள் போகும் வளையம், முன்சக்கரம் திரும்பும் நக்கிள், முன் டிஃபரன்ஷியல் மூடி. பம்பர், ஷாக் டவர், கூரை மேல் கேரியர் இவற்றிலெல்லாம் உலோகம் போடுவது வண்டியைக் கவிழ்க்கக் காசு கொடுப்பதுதான்.

கணக்கு எளிது. இடது வலது டயர்கள் தரையைத் தொடும் இடங்களுக்கு நடுவே 80 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், பாதி 40. ஈர்ப்பு மையமும் தரையிலிருந்து 40 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால், பக்கவாட்டுச் சரிவில் 45 டிகிரியைத் தாண்டியதும் வண்டி உருளும். அந்த மையத்தை 33 மில்லிமீட்டருக்கு இறக்கினால் 50 டிகிரி வரை நிற்கும். வெறும் 7 மில்லிமீட்டர்! நிஜத்தில் ஸ்பிரிங் சாய்ந்து கொடுப்பதால் இரண்டு எண்ணும் குறையும், ஆனால் மையம் தாழ்ந்த வண்டிதான் கூடுதல் சரிவில் நிற்கும்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். சொரசொரப்பான பலகையில் வண்டியைக் குறுக்காக நிறுத்தி, ஒரு விளிம்பை மெல்ல உயர்த்துங்கள். மேல்பக்கச் சக்கரம் பலகையை விட்டுக் கிளம்பும் நொடியில் கையை நிறுத்திப் போனில் சாய்வு காட்டும் செயலியைத் திறந்து பலகைமேல் வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் இந்த எண்ணைக் குறித்து வைக்கிறேன். இரண்டு மாற்றங்களை ஒரே நாளில் செய்வதில்லை. எது வேலை செய்தது என்று பிறகு தெரியாமல் போகும். முன் பின் பங்கைப் பார்க்கச் சமையலறைத் தராசு போதும். முன்சக்கரங்களைத் தராசில் வைத்து, பின்சக்கரங்களுக்குக் கீழே அதே உயரத்துக்குப் புத்தகம் அடுக்குங்கள். முன்னால் 60 சதவீதம், பின்னால் 40 என்பது க்ராலர் ஓட்டுபவர்களிடையே புழங்கும் கணக்கு. மேட்டில் ஏறும்போது பாரம் தானாகப் பின்னுக்குப் போகிறது. முன்சக்கரம் லேசாக இருந்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும். எனவே பின் ஆக்சிலில் பித்தளையே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். காசு செலவழிக்காமல் பங்கை மாற்ற இன்னொரு வழி உண்டு: பேட்டரியைச் சேசிஸின் முன்பக்கத்தில், முடிந்தவரை தாழ்வாகக் கட்டுவது.

மேலேயிருந்து எடுப்பதும் கீழே சேர்ப்பதற்குச் சமம். பாடிக்குள் இருக்கும் சீட், டேஷ்போர்டு பொம்மைகளைக் கழற்றிவிட்டு பலகைச் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். நீளமான ஷாக் போட்டு வண்டியை உயர்த்துவது படத்துக்கு அழகு. நான் எதிர்த்திசையில் போவேன், உயரத்தைக் குறைப்பேன். ஸ்பிரிங் மட்டும் மென்மையாக வேண்டும். ரொம்ப மென்மையானால் ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் டிரைவ் ஷாஃப்ட்டின் முறுக்கில் சேசிஸ் ஒரு பக்கமாகச் சாயும், அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

எடை கூடியதும் ஸ்டீயரிங் சர்வோ திணறும். கல்லிடுக்கில் சிக்கிய கனமான முன்சக்கரத்தைக் கூடவே வரும் சர்வோ திருப்பாது. பலரும் எமேக்ஸ் இஎஸ்08எம்ஏ 2 போடுகிறார்கள். 12 கிராம் எடை, மெட்டல் கியர், 6 வோல்ட்டில் சுமார் 2 கிலோ டார்க். உடம்பு பெரியது என்பதால் அதற்கென்று தனி மவுண்ட் வேண்டும். மாட்டிய பின் வண்டியைக் கையில் தூக்கி, சக்கரத்தை முழுக்கத் திருப்பி, மெதுவாக ஆக்சிலரேட்டரைத் தொடுங்கள். சக்கரம் விட்டுவிட்டுத் துடித்தால் ஆக்சிலுக்குள் இருக்கும் ஜாயின்ட் அந்தக் கோணத்தில் முட்டுகிறது. ரிமோட்டில் எண்ட் பாயின்ட்டை, அதாவது சக்கரம் திரும்பும் எல்லையை, குறைத்து, துடிப்பு நிற்கும் இடத்தில் வையுங்கள். இல்லையென்றால் புது சர்வோவே ஜாயின்டை உடைக்கும்.

ஸ்க்ரூ சின்ன விஷயம்தான், ஆனால் வண்டியின் ஆயுள் அதில் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் போகும் ஸ்க்ரூவை எடுத்த எடுப்பில் முறுக்காதீர்கள். முதலில் எதிர்ப்பக்கமாகச் சுற்றுங்கள். 'டக்'கென்று ஒரு சின்ன இறக்கம் கையில் தெரியும். பழைய மரையில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து முறுக்கினால் துளை தேயாது. உலோகத்தில் போகும் உலோக ஸ்க்ரூவுக்கு நீல திரெட்லாக் ஒரு சொட்டு. பிளாஸ்டிக் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது, விரிசல் விட்டுவிடும்.

இத்தனையும் முடிந்த பிறகு மோட்டார் மாற்றுவது நியாயம். அப்போதும் வேகத்துக்காக அல்ல, நத்தை வேகத்தில் நடுங்காமல் நகர்வதற்காக. ஃபியூரிடெக் போன்றவர்கள் இந்த அளவுக்கென்றே பிரஷ்லெஸ் மோட்டாரும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியும் செய்கிறார்கள். சாதாரண சென்சர் இல்லாத பிரஷ்லெஸ் மெதுவாகக் கிளம்பும்போது உதறும். எனவே குறைந்த வேகக் கட்டுப்பாட்டை விசாரித்து வாங்குங்கள். இறக்கத்தில் கையை எடுத்தால் வண்டி அப்படியே நிற்க டிராக் பிரேக்கும் இருக்க வேண்டும்.

லிப்போவை ஓட்டி முடித்ததும் கழற்றிவிடுங்கள். செருகியபடியே விட்டால் ஈஎஸ்சி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி கெட்டது மாதிரிதான். சில நாள் ஓட்டப்போவதில்லை என்றால் முழு சார்ஜான 4.2 வோல்ட்டிலும் வைக்காமல் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து, தீப்பிடிக்காத பையிலோ தகர டப்பாவிலோ போட்டு வையுங்கள். உப்பிய பேட்டரியை எவ்வளவு புதிதாக இருந்தாலும் மறுபடி சார்ஜில் போடாதீர்கள்.