எழுதி வைத்தால் வேலை நடக்கும்

கேள்வி: ஜூம், வாட்ஸ்அப் இருந்தால் அலுவலகமே வேண்டாம் என்கிறார்களே, சரியா?

பதில்: பாதி சரி. தூரத்து வேலையைத் தாங்கிப் பிடிப்பது வீடியோ அழைப்பு அல்ல, எழுத்து. கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்துக்கு அலுவலகமே கிடையாது. பல நாட்டு ஊழியர்களுக்கும் பொதுவில் வைத்த கையேடுதான் வழிகாட்டி. 'பில் அனுப்பியாச்சு, கஸ்டமர் இன்னும் பார்க்கலை' என்று இரவில் குழுவில் விழும் ஒரு வரி, காலையில் வேறு ஊரில் உட்காருபவரிடம் வேலையை அப்படியே ஒப்படைக்கிறது. அழைப்பில் சொன்னதோ கேட்டவரோடு போய்விடும். முகம் பார்க்காமல் ஒட்டுறவு வருமா என்பது நியாயமான கவலை. மைக்ரோசாஃப்டின் 61,182 அமெரிக்க ஊழியர்களைப் பற்றி 2021இல் வெளியான ஆய்வும், வீட்டிலிருந்து வேலை செய்தபோது குழுக்களுக்கு இடையே தொடர்பு குறைந்ததைக் காட்டியது. அதற்கு மருந்து இன்னும் நாலு மீட்டிங் இல்லை. தனிச் செய்தியில் முடிகிற பேச்சை எல்லோரும் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுவருவதும், அவ்வப்போது நேரில் கூடுவதும்தான்.